மூன்றாம் பாலத்தடி மட்டன் றோல்ஸ்

நல்லூர் முருகன் கோயில் கொடியேற்றத்துக்கு முதல் நாள் குணரத்தினம் ஒரு சபதம் எடுத்தார். திருவிழா இருபத்தைந்து நாளும் பருப்பையும் கீரையையும் பார்த்துப் பெருமூச்சு விடப் போவதில்லை. ஆட்டிறைச்சி சாப்பிட்டே தீருவது. சபதத்தைக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டுதான் எடுத்தார். புலம்பெயர்ந்து வந்த லா சப்பலில் இரண்டு அறை வீட்டில் வேறு எங்கே போய் எடுக்கிறது?

வெளியே வந்தால், கலாவதி ஸ்டூலில் ஏறி நின்று மீனும் இறைச்சியும் சமைக்கிற மச்சச் சட்டிகளை அலுமாரிக்கு மேலே அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இஞ்சேருங்கோ, நாளையிலையிருந்து வீட்டிலை மச்சம் இல்லை. வெளியிலையும் இல்லை.”

“நல்லூர் இஞ்சையிருந்து எட்டாயிரம் கிலோமீற்றர். முருகனுக்கு மணக்காது.”

“போன மாசம் ரத்தச் சோதனை றிசல்ட் வர, முருகா எண்டு கதிரையிலை விழுந்தனீங்கள். அது மட்டும் அவருக்குக் கேட்டதோ?”

அந்தச் சோதனைப்படி ரத்தத்தில் சீனி ஏறிவிட்டது. அடுத்த சோதனையிலும் இறங்காவிட்டால் ஊசிதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு அவர் பயந்ததைவிடக் கலாவதிதான் கூடப் பயந்தாள். நல்லூரானுக்கு நேர்த்தி வைத்தாள். இருபத்தைந்து நாளும் வீடு சைவம், இவருக்கு ஊசி வேண்டாம். நேர்த்தி வைத்தது அவள். வாய் கட்டவேண்டியது இவர். இது என்ன நியாயம் என்று யாரிடம் போய்க் கேட்பது?

“டொக்டர் நடக்கவும் சொன்னவர்,” என்றாள் கலாவதி. “இரண்டு வருசமாச் சொல்லுறார். நீங்கள் மெத்ரோவுக்கு இறங்கவே லிப்ட் தேடுறியள்.”

“சரி, நாளையிலையிருந்து நடக்கிறன்.”

கலாவதி ஸ்டூலில் நின்றபடியே திரும்பிப் பார்த்தாள். திருமணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் இப்படி ஒரு வசனம் பேசியதில்லை.

“கீழ் வீட்டு மதாம் ஜிஸ்லேனுக்கு இடுப்பு ஒப்பரேசன் எல்லோ. பாவம், அவவின்ரை நாய் வீட்டுக்குள்ளை அடைஞ்சு கிடக்குது. நான் கூட்டிக்கொண்டு போறன்.”

“நாயைக் கண்டால் மற்றப் பக்கம் போறவர் நீங்கள்.”

“மனுசருக்கு இரக்கம் வரக்கூடாதோ?”

இரக்கம் எல்லாம் யேசுரட்ணத்தின் கடையில் இறைச்சிக் கறியை வைத்துச் சுற்றிப் பொரிக்கிற மட்டன் றோல்ஸில்தான் இருந்தது. யேசுரட்ணம் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர். நல்லூர்க் காலத்திலும் அவர் கடையில் இறைச்சி உண்டு. பின்னேரமே போய், காலமை எட்டு மணிக்கு இரண்டு மட்டன் றோல்ஸ் தினமும் வேண்டும், யாருக்கும் மூச்சு விடக்கூடாது என்று குணரத்தினம் சொல்லிவைத்துவிட்டு வந்தார். யேசுரட்ணம் தலையை ஆட்டினார்.

சாப்பிடுவதற்கு இடம் வேண்டுமே. கடைக்குள் நின்று சாப்பிட்டால் முடிந்தது கதை. தமிழ்ச் சனம் நிறைந்த லா சப்பலில் வாயைத் திறந்தால், மூட முன்னம் செய்தி வீட்டுக்குப் போய்விடும். அதற்குத்தான் அந்தப் பழைய ரயில் பாதை. தண்டவாளத்தைக் கிளப்பிவிட்டு, நடக்கிறவர், ஓடுகிறவர், சைக்கிள்காரர் எல்லாருக்கும் நகரசபை திறந்துவிட்ட பாதை. இரண்டு பக்கமும் மரம், இடைக்கிடை பழைய பாலங்கள். நாய்க்கும் அனுமதி உண்டு என்று வாசலிலேயே படம் போட்டிருந்தது. நாயோடு போகிற மனிதனை எவன் சந்தேகப்படுவான்?

பிஸ்கோத் என்ற அந்த நாயின் எண்ணம் வேறாக இருந்தது. பாதையைக் கண்டதும் அது பாய்ந்தது. கயிற்றின் மறுமுனையில் குணரத்தினமும் பாய்ந்தார். பின்னால் சைக்கிள் மணி அடித்தது. “பர்தோன், முசியே” என்று ஒருத்தி காதில் பாட்டோடு கடந்து ஓடினாள். அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினால் எதிரே இன்னொரு நாய். அந்த நாயின் மதாம் நின்று, உங்கள் நாய்க்கு எத்தனை வயது என்று கேட்டாள். மூன்று என்றார். அடுத்த நாளும் கேட்டாள். ஏழு என்றார். மூன்றாம் நாள் அவள் கேட்கவில்லை.

முதலாம் பாலத்தடியில் நல்ல வாங்கு இருந்தது. உட்கார்ந்து றோல்ஸை எடுக்கப் போனால், இந்திராதேவி வருகிறாள். கலாவதியின் கூட்டாளி. அவள் நடப்பது காலால், ஆனால் வேலை செய்வது வாய். போன் காதில் ஒட்டியபடியே இருக்கும். குணரத்தினம் பையை மூடிவிட்டு எழும்பினார். இரண்டாம் பாலத்திலும் அவள் பின்னால் வந்தாள். அங்கேதான் திரும்புகிறவளாம். மூன்றாம் பாலத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது இவருக்கு அரை உயிர்தான் மிச்சம். ஆனால் அங்கே தமிழ்ச் சனம் ஒன்றும் இல்லை. வாங்கு இருந்தது. ஒரு கடி கடித்தார். மிளகும் உறைப்பும் கருவேப்பிலையும் நாக்கில் ஏறக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதல்லோ இறைச்சி என்று நாய்க்குச் சொன்னார். நாய் தன் பங்கைக் கேட்டது. மறுத்தால் குரைத்தது. உள்ளே இருந்ததில் பாதியை அதற்குப் போட வேண்டியிருந்தது.

இரண்டு றோல்ஸுக்காகப் போக இரண்டரை கிலோமீற்றர், வர இரண்டரை கிலோமீற்றர். யாரிடம் சொல்லி அழுகிறது? சாப்பிட்ட தெம்பில் நாய் திரும்பும்போது இன்னும் வேகமாக ஓடும். இவர் இழுபட்டு ஓடுவார். ஒருநாள் இந்திராதேவி அதைக் கண்டு கலாவதிக்குப் போன் அடித்தாள்.

“உங்கடை அவர் நாயோடை ஓடுறார். ஆரும் துரத்தினமோ?”

“ஓம், அவருக்கு இப்ப இரக்கம் கூடிப்போச்சு,” என்றாள் கலாவதி.

பத்தாம் நாள் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. பதினைந்தாம் நாள் மழை. பிஸ்கோத் வரமாட்டேன் என்று வாசலில் படுத்துவிட்டது. குணரத்தினம் அதைத் தூக்கிக்கொண்டு போனார். வீட்டில் கலாவதி புடலங்காயை வைத்தால் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். அவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்ததே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

இருபத்தைந்தாம் நாள் தீர்த்தமும் முடிந்தது. ரத்தச் சோதனைக்குப் போனார்கள். டொக்டர் தாளை இரண்டு தரம் பார்த்தார். சீனி நன்றாக இறங்கியிருந்தது. ஊசி வேண்டாம். கலாவதி அங்கேயே அழுதாள். குணரத்தினம் தாளை வாங்கித் தானும் இரண்டு தரம் பார்த்தார்.

அதோடு விட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் கலாவதி முருகனுக்குக் கற்பூரம் காட்டினாள். பிறகு இந்திராதேவிக்கு அடித்தாள். “எல்லாம் நல்லூரானும் மரக்கறியும்தான்.” திரான்சியில் இருக்கிற தங்கச்சிக்கும் அடித்தாள். “மரக்கறிதான்.” ஆர்ஜொந்தெயில் இருக்கிற மச்சாளுக்கும் மரக்கறி. நாலாவது அழைப்பில் அவருக்குப் பொறுக்கவில்லை.

“போனை வையும். நான் ஒரு உண்மை சொல்லுறன்.”

கலாவதி வைத்தாள்.

“இருபத்தைஞ்சு நாளும் மூண்டாம் பாலத்தடியிலை இருந்து மட்டன் றோல்ஸ் சாப்பிட்டனான். யேசுரட்ணத்தின்ரை கடையிலை வாங்கி. ஒரு நாள் விடேல்லை. சீனி இறங்கினது இறைச்சியாலை. இனி இந்த வீட்டிலை மரக்கறிக் கதை வேண்டாம்.”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டார். அவள் கத்தவில்லை.

“நல்லா இருந்ததோ?”

“நல்லாவோ? கைப்பக்குவம் எண்டால் அதுதான். நீரும் ஒருக்கால் போய்ப் பழகிக்கொண்டு வாரும்.”

“யேசுரட்ணம் கொடியேத்தத்துக்கு முதல் நாளே போன் அடிச்சவர். உங்கடை மனுசன் மட்டனுக்குச் சொல்லிப்போட்டுப் போறார், என்ன செய்யிறது எண்டு கேட்டவர்.”

குணரத்தினம் கதிரையில் உட்கார்ந்தார்.

“விடிய நீங்கள் குளிக்கேக்கை நான்தான் றோல்ஸைச் சுத்திக் கொண்டுபோய்க் குடுத்தனான். அவர் பொரிச்சு மட்டும் தந்தவர். உள்ளுக்கு இறைச்சியே இல்லை, முழுக்கச் சோயா மீற்.”

“எனக்கு ஒரு சொல்லுச் சொன்னால் என்ன?”

“சோயா எண்டு சொல்லியிருந்தால் மூண்டாம் பாலம் வரைக்கும் நடந்திருப்பியளோ?”