காத்தானுக்கு ஒரு கட்டம்

ஆஹென், ஜெர்மனி,
11-3-1971

என் அக்காவைக் கட்டி இத்தனை வருஷமாகியும் தெம்பாக நடமாடும் வீரர், மச்சான் உமாபதி அவர்களுக்கு, மைத்துனன் சுந்தரராஜன் கும்பிட்டு எழுதுவது. நான் நலம். அக்கா நலமாகத்தான் இருப்பாள். கேள்வி உங்கள் நலத்தைப் பற்றியது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு பேராசிரியர் கொடுத்த படிவத்தில் வயதுக் கட்டத்தில் தொழிலையும், தொழில் கட்டத்தில் வயதையும் எழுதிவிட்டேன். இந்த ஊர்க் கணக்கில் இப்போது எனக்கு வயது சமையல், பார்க்கும் தொழில் நாற்பத்தாறு.

அவருக்கு வேலை என்னவென்றால், அடிமையாக இருந்தவர்களின் சந்ததியை விவரமாக எண்ணுவது. தலைக்கு எழுபத்திரண்டு கேள்வி. நான் சமைக்கும் மாணவர் விடுதி அடுப்படியில் ரசம் கொதிக்கும்போதே வந்து உட்கார்ந்துவிட்டார், கூட மொழிபெயர்க்க யார் என்கிறீர்கள், நம்ம ஊர் மிராசுதார் பேரன் சேஷாத்ரி! இங்கே எஞ்சினியருக்குப் படிக்கிறது. ஊரில் 'ஏலே' என்றிருக்க வேண்டிய வாய், ரசம் இருக்கும் இடத்தில் 'அண்ணா' என்கிறது.

"அண்ணா, உங்க பூட்டனார் பேர் கேக்கறார்."

"எங்களுக்கு எங்க தெரியும் தம்பி? உங்க வீட்டுப் பெட்டியில கிரயச் சீட்டு இருக்கும், பாக்கச் சொல்லுங்க."

பிள்ளை முகம் வெந்த கத்தரிக்காயாகிவிட்டது. ஆனாலும் நல்ல பிள்ளை, அப்பாவுக்கு எழுதிச் சீட்டு விவரத்தை வரவழைத்துவிட்டது: வாங்கியது காத்தான், கூடவே இரண்டு காளை. காளைக்கு நிறம் எழுதியிருக்கிறதாம், காத்தானுக்கு ஒன்றும் இல்லை. மச்சான், சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன், ஆனால் அந்தப் பேரை ஒரு கட்டத்தில் மனுஷன் பேராக எழுதிப் பார்க்கக் கை துடித்தது. எழுதினேன். "அடிமை வச்சிருந்தவங்க பேரனுக்கு எத்தனை கேள்வின்னு கேளுங்க தம்பி" என்றேன். சேஷாத்ரி மொழிபெயர்க்கவில்லை, இருமியது. பேராசிரியர் இருமலையும் குறித்துக்கொண்டார்.

அப்புறம் பிள்ளை, மொழிபெயர்த்தவர் என்ற முறையில் படிவத்தின் அடியில், அப்பாவுக்கு எழுதும் பழக்கத்தில், 'அடியேன் தாசன் சேஷாத்ரி' என்று தமிழில் கையெழுத்துப் போட்டது. அங்கேதான் வினை. பேராசிரியரின் எழுத்தர் அம்மாள் அகராதியைப் புரட்டினாள். அடியேன் என்றால் அடிமை, தாசன் என்றாலும் அடிமை. சுந்தரராஜன் என்றால் அழகிய மன்னன். யாரை எண்ணுவது என்று அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. நான் அரச வம்சம், எண்ணத் தேவையில்லை. காத்தான் இப்போது சேஷாத்ரிக்குப் பூட்டன்.

"ஏதாவது பண்ணுங்கோ அண்ணா, அப்பாவுக்குத் தெரிஞ்சா தலையே போயிடும்!"

"வருஷா வருஷம் திதி மட்டும் மறந்துடாதீங்க தம்பி" என்றேன். ஆனால் மச்சான், ஒருமுறை அந்த வீட்டுக்குப் போனது போதாதா அந்த மனுஷனுக்கு? மறுபடியும் அங்கேயேவா? அந்த அம்மாளிடம் கெஞ்சித் திருத்தப் படிவம் வாங்கினேன். ஒரே தாள்தான் தந்தாள், வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் இருப்பதே நிலைக்குமாம். சேஷாத்ரியும் நானும் கட்டம் கட்டமாக நிரப்பிவிட்டோம். வயதுகூட வயதில்தான் இருக்கிறது. காத்தான் நம் வீட்டுக்குத் திரும்பிவிட்டார் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

அக்காவின் வாய்க்கு ஓய்வும் உங்கள் காதுக்குத் தெம்பும் கொடுக்க மாரியம்மனை வேண்டும்,
அழகிய மன்னன்
சுந்தரராஜன்

பின்குறிப்பு (தனித் தபால் அட்டையில், 13-3-1971, சனிக்கிழமை): கடிதம் கிடைத்ததும் தாளைத் திருப்பிப் பாருங்கள். திருத்தப் படிவம் அதுதான். பத்திரமாக வைத்திருங்கள்.