குறிப்பய்யாவின் புதிய ஆப்

ஒரு குழாய் உடைந்துவிட்டால் மட்டும் அது உடைந்ததாகிவிடாது. நகர வசதிகள் துறையின் இயக்குநர் தம் கைபேசியில் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அது முறைப்படி உடையும். அதுவரை தெருவில் ஓடுவது வெறும் தண்ணீர்.

இந்த நல்ல மரபை நிலைநாட்டிய இயக்குநருக்கு அலுவலகம் வைத்த பெயர் குறிப்பய்யா. யார் என்ன குறையோடு வந்தாலும் முகம் சுளிக்க மாட்டார். கைபேசியை எடுப்பார், கட்டைவிரலால் நாலு தட்டுத் தட்டுவார், "நோட் பண்ணியாச்சு" என்பார். வந்தவருக்குப் பாதி வேலை முடிந்த நிம்மதி. மீதிப் பாதியை இதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை. காகிதத்தை ஒழித்ததற்காக விருது வாங்கிய துறை அது. பேனாவோடு யாராவது அகப்பட்டால் விளக்கம் கேட்டு மெமோ வரும்.

தலைமை எழுத்தரின் மாறுதல் விண்ணப்பமும் அந்தக் கைபேசிக்குள்தான் போயிருந்தது. அலுவலகத்துக்கே அக்கா அவள். கணவரும் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளும் வேறு ஊரில். இவள் இங்கே ஒற்றை அறையில். "பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள ஆர்டர் வந்துடும்மா, நோட் பண்ணியாச்சு" என்று குறிப்பய்யா வாயாலேயே சொல்லியிருந்தார். மகள் போனில் "எப்பம்மா வருவே?" என்று கேட்கும்போதெல்லாம் அக்கா அதையே சொல்வாள். "நோட் பண்ணிட்டாங்க கண்ணு." குழந்தைக்கு அது ஏதோ பெரிய விஷயமாகப்பட்டது. தோழிகளிடமெல்லாம் சொல்லிவிட்டது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. அந்தக் குறிப்புச் செயலியை நடத்திய நிறுவனம், மாதக் கடைசியோடு கடையை மூடுவதாக அறிவித்தது.

இழவு வீட்டைப்போல் ஆனது அலுவலகம். குறிப்பய்யா உடனே ஆணையிட்டார். "தகுந்த மாற்றுச் செயலியைத் தேர்ந்தெடுக்க உயர்மட்டக் குழு அமைக்கப்படுகிறது. அதுவரை எந்தப் பொருள் மீதும் எந்த நடவடிக்கையும் எடுக்கலாகாது." பின்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது ஏற்கெனவே பழக்கத்தில் இருந்தது.

குழுவுக்கு உயிர்நாடி துணை இயக்குநர். அவர் பட்டப்பெயர் அப்டேட். சட்டை மாற்றுகிற மாதிரி செயலி மாற்றுவார். காலையில் ஒரு செயலியைப் புகழ்ந்தவர் மாலையில் அதை வைத்திருப்பவரைப் பார்த்துப் பரிதாபப்படுவார். அவருடைய கைபேசியில் குறிப்புச் செயலிகள் வரிசைகட்டி நின்றன. எல்லாவற்றிலும் ஒரே குறிப்புதான்: நல்ல குறிப்புச் செயலி தேட வேண்டும்.

"இது வெறும் ஆப் இல்லை சார், இரண்டாவது மூளை!" என்று முதல் கூட்டத்தைத் தொடங்கி வைத்தார் அப்டேட். முதலாவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

திரையில் ஒரே சிலந்திவலை. "இங்க பாருங்க, குழாய் உடைப்புன்னு ஒரு குறிப்பு. அதுலேருந்து ஒரு கோடு கொசுவுக்குப் போகுது. கொசுவுலேருந்து காய்ச்சல். காய்ச்சல்லேருந்து விடுப்பு. எல்லாத்துக்கும் எல்லாத்தோடவும் தொடர்பு இருக்கு!"

"இதுல குழாயை அடைக்கிறது எந்தக் கோட்டுல சார் வருது?" என்று அக்கா கேட்டாள்.

"அது வேலை, அக்கா. இது சிந்தனை."

அடுத்தது வண்ணச் செயலி. அவசரமானவை சிவப்பில் தெரியும் என்றார்கள். குறிப்பய்யாவுக்கு அது பிடிக்கவில்லை.

"சிவப்பைப் பார்த்தா எனக்குப் படபடப்பா இருக்கு. மனசுக்கு இதமா ஏதாவது?"

"இளநீலம் இருக்கு சார்."

"அவசரத்துக்கு இளநீலமே இருக்கட்டும். அவசரமில்லாததுக்கு?"

ஆழ்ந்த ஆலோசனைக்குப் பிறகு அதற்கும் இளநீலமே என்று முடிவானது. பாரபட்சம் இருக்கக் கூடாதல்லவா!

ஆனால் எடுத்த முடிவை எங்கே குறிப்பது? பழைய செயலி சாகக் கிடக்கிறது. புதியது இன்னும் பிறக்கவில்லை. காகிதத்துக்குத் தடை. எனவே முடிவு குறிக்கப்படவில்லை, குறிக்கப்படாதது நடக்காதது. அடுத்த கூட்டத்தில் பழைய குருடி கதவைத் திறடி என்று சிலந்திவலையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். அதற்கடுத்த கூட்டத்திலும் அப்படியே. அங்கே அக்காவின் மகளுக்குப் புதுப் புத்தகப்பை வாங்கியாயிற்று. இங்கே இவர்கள் நீலத்தில் எது இளநீலம் என்று கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாதக் கடைசி நாளும் வந்துவிட்டது. அக்காவின் பொறுமை அறுந்தது. "ஏதாவது ஒண்ணை எடுத்துத் தொலைங்க சார். இதையே எடுங்க!" என்று திரையில் கண்ணில் பட்டதைக் காட்டினாள்.

"துணிச்சலான முடிவு," என்றார் குறிப்பய்யா. குழு ஒருமனதாக ஏற்றது.

பழைய குறிப்புகளைப் புதியதற்கு மாற்றும் நேரம் செயலி ஒரு கேள்வி கேட்டது. இவை நிலுவையில் உள்ளவையா, முடிந்தவையா?

அப்டேட் தலையைச் சொறிந்தார். "நிலுவைன்னு போட்டா எல்லாம் உங்க பேர்ல வந்து நிக்கும் சார். மேலிடத்துக்கும் தெரியும்."

குறிப்பய்யா சற்று யோசித்தார். "நான் நோட் பண்ணியாச்சுன்னு சொன்னா, அப்புறம் அதுல முடிக்க என்னய்யா இருக்கு?"

அறையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். அக்காவும்தான். எப்படியோ இந்தக் கூத்து முடிந்து ஆர்டர் கைக்கு வந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"அக்கா, நீங்கதான் தேர்ந்தெடுத்தீங்க. உங்க கையாலேயே அமுக்குங்க," என்றார் அப்டேட்.

அக்கா 'முடிந்தவை' என்பதை அமுக்கினாள். கைதட்டல் எழுந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்பவளுக்குக் கைதட்டல் கிடைப்பது அபூர்வம்.

மறுநாளே மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. நிலுவையே இல்லாத துறையாம்! அந்தச் சந்தோஷத்தோடு சந்தோஷமாக அக்கா இயக்குநர் அறைக்குள் போனாள்.

"சார், என் மாறுதல் ஆர்டர்..."

குறிப்பய்யா புதிய செயலியைத் திறந்தார். முகம் மலர்ந்தது. "அது முடிஞ்சுடுச்சேம்மா! வாழ்த்துகள்."

"ஆர்டர் இன்னும் போடலையே சார்."

"முடிஞ்ச விஷயத்துக்கு எப்படிம்மா ஆர்டர் போடறது? ரெண்டு தடவை மாறுதல் கொடுத்தா தணிக்கையில கேள்வி வராதா?"

"அப்ப நான் எங்கே சார் இருக்கேன்?"

"பதிவுப்படி அங்கே." திரையை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "தலைமை எழுத்தர் இடம் காலின்னு காட்டுது. அந்த நாற்காலியில யாரோ உக்காந்திருக்கறதா கேள்விப்பட்டேனே, யாரும்மா அது?"

"நான்தான் சார்."

"அது முறைகேடு. சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணச் சொல்லுங்க."

அக்கா வெளியே வந்து, தான் போய்ச் சேர வேண்டிய அலுவலகத்துக்குப் போன் போட்டாள். இங்கே எந்த ஆர்டரும் வரவில்லை என்றது ஒரு குரல். பிறகு மிகுந்த மரியாதையோடு, "நீங்க கேட்டதை நோட் பண்ணிக்கிட்டோம்" என்றது. அவள் தன் தண்ணீர் பாட்டிலையும் குடையையும் பையில் போட்டுக்கொண்டு நடைக்கூடத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். அழுகை வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை; அமுக்கிய விரல் அவளுடையதுதான்.

பக்கத்தில் மனுவோடு வந்த தையல்காரர் ஒருவர் இருந்தார். அவர் கடைவாசலில் குழாய் உடைந்து, படியேற முடியாமல் கிடக்கிறது. வந்து வந்து பழகிய மனிதர்.

"அம்மா, என் குழாய் சரியாயிடுச்சுன்னு உள்ள சொல்றாங்க. தண்ணி இன்னமும் ஓடுதேம்மா?"

தனக்கு நேர்ந்ததைச் சொல்லத்தான் அக்கா வாயெடுத்தாள். ஆனால் வருஷக்கணக்கில் பழகிய நாக்கு முந்திக்கொண்டது.

"நோட் பண்ணிக்கிட்டேன்."

தையல்காரர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! கும்பிட்டுவிட்டு, ஈரச் செருப்பை இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

பைக்குள் போன் அடித்தது. மகள்.

"அம்மா, நாளைக்கு ஸ்கூல் திறக்குது. நீதான் கொண்டுபோய் விடுவேன்னு சொன்னேல்ல? வர்றியா?"

"வருவேன் கண்ணு. ஒரு சின்ன வேலைதான் பாக்கி. முடிஞ்சதும் ஓடி வந்துடறேன், சரியா?"



"சரிம்மா," என்றது குழந்தை. "நோட் பண்ணிக்கிட்டேன்."