வெள்ளையா, பச்சையா?

வெள்ளை பிக்கப்பின் பின்சக்கரங்கள் சேற்றில் பாதி புதைந்த பிறகும் பதிவாளர் இறங்கவில்லை.

"வியாபாரி என்னமோ சொல்ல வர்றாரு. கேளுங்களேன்," என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி.

"எங்க பரம்பரைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல!" வெளியே நின்ற பழைய வண்டி வியாபாரியின் காதில் விழும்படியே சொன்னார். அவரும் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

மகளைக் கொடுத்த வீடு மேட்டின் உச்சியில். போன மழையில் பதிவாளரின் கார் பாதியில் நின்றுவிட, சம்பந்தி டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துப் போனார், தெருவே பார்க்க. பெண்ணைக் கொடுத்தவன் கயிற்றுக்குப் பின்னால் போவதா? நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப் வாங்குவதென்று அன்றே முடிவாயிற்று.

வியாபாரி ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது இரண்டு பிக்கப், ஒன்று வெள்ளை, ஒன்று பச்சை. தார் ரோட்டில் வெள்ளை வழுக்கிக்கொண்டு போனது. பச்சையோ குலுக்கிக் குலுக்கி எலும்புகளை எண்ணியது. சேற்றில்தான் கதை மாறியது. வெள்ளையின் உள்ளிருந்த நாலு சக்கர கியரைத் தள்ளி மிதித்தார். மிதிக்க மிதிக்கப் புதைந்தது.

வியாபாரி பச்சையைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் முன்சக்கரங்களருகே குனிந்து ஏதோ செய்தார். காப்பாற்ற வந்தவனைப் பார்த்துக்கொண்டிருப்பது கௌரவமில்லை என்று பதிவாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பச்சை ஒரே இழுப்பில் வெள்ளையை வெளியே போட்டது. வியாபாரி மறுபடியும் அதன் முன்சக்கரங்களருகே குனிந்து எழுந்தார்.

"பாத்தியா? ரோட்டுல குலுங்கினா என்ன, ஆபத்துக்கு உதவணும். வெள்ளை உதவாது. பச்சைதான்!"

அடுத்த வாரமே மழை. மேட்டின் பாதியில் பச்சையும் நின்றது.

"வெள்ளையும் உதவல, பச்சையும் உதவல. அப்ப உதவாதது யாருங்க?" என்றாள் மனைவி.

யாரையாவது கேட்டிருக்கலாமோ? அறுபத்தெட்டு வயதில் முதன்முதலாக அந்த எண்ணம் வந்து கதவைத் தட்டியது. அவர் திறக்கவில்லை.

அப்போது மேலிருந்து இறங்கி வந்தது, அதே வெள்ளை பிக்கப். ஓட்டிவந்தவர் சம்பந்தி!

"வாங்க சம்பந்தி! டிராக்டர் படுத்துடுச்சு, நேத்துதான் இதை வாங்கினேன்."

கயிறு எடுப்பார் என்று பதிவாளர் கண்ணை மூடிக்கொண்டார். சம்பந்தியோ குனிந்து, பச்சையின் முன்சக்கர நடுவில் இருந்த பூட்டை இரண்டு பக்கமும் கையால் திருப்பினார். "இதைத் திருப்பினாத்தான் முன்சக்கரமும் இழுக்கும். இப்ப மிதிங்க."

பச்சை பிடித்துக்கொண்டு ஏறியது.

உச்சியில் இறங்கியதும் பதிவாளருக்கு நாக்கு நிற்கவில்லை. "வெள்ளை சேத்துக்கு ஆகாதுன்னு கேள்விப்பட்டேனே?"

"யாரு சொன்னா? இதுலயும் அந்தப் பூட்டைத் திருப்பணும், அவ்வளவுதான். யாரோ ஒரு பெரிய மனுஷன் திருப்பாமலே சேத்துல இறக்கினாராம். சொல்ல வந்தவரையும், 'எங்க பரம்பரைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல'ன்னாராம். அந்தப் புண்ணியவான் வேண்டாம்னதாலதான் சம்பந்தி, இது எனக்குக் கெடச்சுது!"