சம்பந்தி வருவதற்கு முன் சில யோசனைகள்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கும் சம்பந்தியம்மாளுக்கும் பணிவான வணக்கம். இங்கே நான், உங்கள் மகன், உங்கள் மருமகள், நம் பேத்தி எல்லோரும் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் சம்பந்தியம்மாளின் தலைசுற்றலும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். இரண்டும் இன்னும் இருக்கும் பட்சத்தில் இந்தக் கடிதத்தை உட்கார்ந்து, நிதானமாகப் படிக்கவும்.

விடுமுறைக்கு மூன்று வாரம் இங்கே வந்து தங்கப் போவதாகவும், இந்தத் தெற்கத்தி நகரத்துக்கு வருவது முதல் தடவை என்பதால் எதைப் பார்க்கலாம், எதில் போகலாம், எங்கே சாப்பிடலாம் என்று ஊர் தெரிந்தவர்களின் யோசனை வேண்டும் என்றும் மாப்பிள்ளைக்கு எழுதியிருந்தீர்கள். மாப்பிள்ளை அதை உங்கள் மருமகளிடம் கொடுத்தார். அவள் என்னிடம் கொடுத்து, ஊர் சுற்றுவது நான்தான் என்பதால் பதிலையும் நானே எழுதிவிட வேண்டும் என்றாள். அடுத்த மூச்சிலேயே, நீங்கள் இருவரும் பின்னறையில் தங்குவீர்கள், நான் ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். பின்னறை என்பது நான் இருக்கும் அறை. பின் தெருவைப் பார்த்த ஜன்னல், என் பேச்சைக் கேட்கும் மின்விசிறி, வேலையில் இருந்த காலத்துப் பித்தளை எடைக்கற்களை நான் அடுக்கி வைத்திருக்கும் அலமாரி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு, நான் நினைத்தபோது கதவைச் சாத்திக்கொள்ள எனக்கென்று இருக்கும் ஒரே இடம் அது. இதற்கும் நான் கீழே எழுதப் போவதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன்.

முதலில் இந்த ஊரின் அளவுகளைப் பற்றி எச்சரிக்க வேண்டியது என் கடமை. எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து, கடை கடையாகத் தராசைச் சோதித்து முத்திரை குத்தியவன் நான். அதனால் மற்றவர்களுக்குப் பழகிப்போனது எனக்கு உறுத்துகிறது. இங்கே "பக்கத்துலதான்" என்பதற்கு நிர்ணயிக்கப்பட்ட அளவே கிடையாது. அடுத்த கட்டிடமும் பக்கத்துலதான், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கலங்கரை விளக்கமும் பக்கத்துலதான். "இதோ வந்துட்டேன்" என்று தொலைபேசியில் சொல்பவர் அப்போதுதான் குளிக்கப் போகிறார் என்று பொருள். சாப்பாட்டுக் கடையில் கொஞ்சமாக வையுங்கள் என்று சொன்னால் பரிமாறுகிறவர் முகம் வாடி, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்துவிட்டு, இரண்டு மடங்காக வைக்கிறார். இதற்கெல்லாம் எங்கே புகார் கொடுப்பது என்று நகராட்சியில் போய்க் கேட்டேன். உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார்கள். புகாரை எடுத்துக்கொள்ள வேண்டியவர் பக்கத்துலதான் போயிருக்கிறார் என்றார்கள்.

பேருந்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பேருந்துகள் இருக்கின்றன. நிறுத்தங்களும் இருக்கின்றன. இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஓட்டுநர் தெரிந்தவர்களைப் பார்த்தால் நிறுத்துவார், அவருக்குத் தெரியாதவர்கள் இந்த ஊரில் குறைவு. உள்ளே ஏறிய பிறகு நடத்துநர் டிக்கெட்டைக் கொடுத்துக்கொண்டே எத்தனை பிள்ளைகள், மருமகள் எப்படி, முழங்காலுக்கு என்ன போடுகிறீர்கள் என்று விசாரிப்பார். உங்கள் முழங்காலை நினைத்துத்தான் சொல்கிறேன். நீங்கள் வாய் திறந்து பதில் சொன்னால், பின் இருக்கையிலிருந்து ஒருவர் அந்த வைத்தியமே தப்பு என்பார். முன் இருக்கை அம்மாள் அதுதான் சரி என்பார். நீங்கள் இறங்குவதற்குள் பேருந்து இரண்டு கட்சியாகிவிடும். உங்கள் முழங்காலைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு கட்சியும் விடாது.

ஆனால் இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தயவுசெய்து இந்த ஊரில் யாரிடமும் வழி மட்டும் கேட்காதீர்கள். வேறு ஊர்களில் வழி கேட்டால் சொல்வார்கள், அல்லது தெரியாது என்பார்கள். இங்கே கூடவே வருவார்கள். போன சனிக்கிழமை, உங்கள் வருகையை முன்னிட்டு ஒரு வெள்ளோட்டம் பார்த்துவிடலாமே என்று அருங்காட்சியகத்துக்குக் கிளம்பினேன். முனையில் துணி தேய்ப்பவரிடம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டேன். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, தேய்த்து மாட்டியிருந்த ஒரு வெள்ளைச் சட்டையை ஹேங்கரோடு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சட்டையைக் கொடுக்க வேண்டிய இடம் அந்த வழிதானாம். இரண்டாவது தெருவில் அவருக்கே சந்தேகம் வந்து சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டார். சைக்கிள் கடைக்காரர் ஒரு சக்கரத்தைக் கழற்றியபடியே விட்டுவிட்டுக் கூட வந்தார். இருவரும் வழியைப் பற்றி வாக்குவாதம் செய்ததில் பழவண்டி அம்மாள் தலையிட்டு, அருங்காட்சியகத்தில் இருப்பதெல்லாம் பழசுதான், அதற்கு இந்த வெயிலில் போக வேண்டுமா என்று கேட்டார். நான் போகத்தான் வேண்டும் என்றேன். எனக்கு யாரும் துணை இல்லையே என்று இரக்கப்பட்டு அவரும் சேர்ந்துகொண்டார்.

பெரிய சாலையைக் கடக்க வேண்டிய இடத்தில் ஒரு பேண்டு வாத்தியக் குழு வந்தது. இந்த ஊரில் மாலையானால் ஏதாவது ஒரு தெருவில் ஒரு குழு வாசித்துக்கொண்டு போகும், பின்னால் கூட்டமும் போகும். காரணம் கேட்டால் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தக் கூட்டத்தைக் குறுக்கே கடக்க முடியாது. உள்ளே நுழைந்து, கொஞ்ச தூரம் கூடவே நடந்து, அந்தப் பக்கமாக வெளியே வர வேண்டும். அப்படித்தான் நுழைந்தேன். நடுவில் துணி தேய்ப்பவரின் செருப்பு வார் அறுந்துவிட்டது. அவர் குனிவதற்காகச் சட்டையை என் கையில் கொடுத்தார். அவ்வளவுதான், பிறகு அவரையும் காணவில்லை, மற்ற இருவரையும் காணவில்லை.

கசங்கக் கூடாதே என்று சட்டையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அதைப் பார்த்த யாரோ "சட்டை வந்துடுச்சு, வழிவிடுங்க" என்று சொல்ல, கூட்டம் இரண்டாகப் பிரிந்து என்னை முன்னால் தள்ளியது. ட்ரம்பெட் வாசிப்பவர்கள் எனக்கு இரண்டு பக்கமும் வந்துவிட்டார்கள். நான் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. கையில் சட்டை இருக்கிறது, தலை நரைத்திருக்கிறது, அது போதும் அவர்களுக்கு. ஒரு மண்டபத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். உள்ளே பனியனோடு ஒரு பெரியவர் காத்திருந்தார். நாற்பது தெருவுக்குக் குடிநீர்க் குழாயின் வால்வைத் திறந்து மூடுகிறவர் அவர். அன்றோடு வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார், சட்டை அவருடையது, விழா அவருக்கு. நான் கொண்டுபோன சட்டையை மாட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போய், தன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். பிற்பாடு விசாரித்ததில், நான் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவன் என்று அவரும், அவருடைய அண்ணன் என்று அவருடைய மேலதிகாரியும் நினைத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது.

ஒலிபெருக்கியை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நான் தவறுதலாக வந்தவன் என்று சொல்லலாம் என்றுதான் எழுந்தேன். முன்வரிசையில் அவருடைய மனைவி கைக்குட்டையைத் தயாராக வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தி, அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது? ஆகவே பேசினேன். அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் என்னுடைய பிரிவுபசார விழாவில் என்னைப் பற்றி யாராவது சொல்வார்கள் என்று நான் எதிர்பார்த்து, கடைசிவரை ஒருவரும் சொல்லாமல் போனவற்றை அவரைப் பற்றிச் சொன்னேன். இவர் ஒருநாள்கூட நேரம் தவறியவர் இல்லை, இவரை வைத்தே ஊர் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம், இவர் அளந்தால் ஒரு சொட்டுக் கூடாது குறையாது என்றேன். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. அவர் தூங்கி எழுந்தால்தான் ஊருக்குத் தண்ணீர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தனை வருஷத்துல என்னப் பத்தி இப்படி ஒருத்தர்கூட சொன்னதில்ல சார்" என்று என்னைக் கட்டிக்கொண்டார். அன்று நன்றாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கு இது தாங்காது.

விளைவுகளையும் எழுதிவிடுகிறேன். பேண்டு வாத்தியத்தோடு என்னை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். உங்கள் மகன் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். வால்வுக்காரர் இப்போது தினமும் காலையில் வந்து பின்னறையில் உட்கார்ந்துகொள்கிறார். அவருக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை. என் எடைக்கற்களை எடுத்துப் பார்த்து, எதையும் அதன் இடத்தில் திரும்ப வைப்பதில்லை. தெருவில் எல்லோரும் என்னைத் தராசு சார் என்று கூப்பிடுகிறார்கள். வாசிப்பு நன்றாக இருக்கிறது என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னதற்காக, பேண்டு குழுவினர் தங்கள் பயிற்சியைப் பின் தெருவுக்கு, சரியாக என் ஜன்னலுக்குக் கீழே, மாற்றிக்கொண்டுவிட்டார்கள். சம்பந்தியம்மாளின் தலைசுற்றலுக்கு ட்ரம்பெட் ஒத்துக்கொள்ளுமா என்று அங்கேயே நல்ல மருத்துவராகப் பார்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது. அருங்காட்சியகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அது பக்கத்துலதான் இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆகவே எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்க்கும்போது, உங்கள் பயணத்தை அடுத்த வருஷத்துக்கோ, முழங்கால் முற்றிலும் குணமாகும் வருஷத்துக்கோ ஒத்திவைப்பதே உத்தமம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். என் அறையை நினைத்துச் சொல்லவில்லை. உங்கள் நன்மைக்காகவே சொல்கிறேன்.

வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும் சேரட்டும். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் திடமான கால்களோடும் இருந்த இடத்திலேயே சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்
சம்பந்தி.

பி.கு.: உறையில் போடும் முன், எதற்கும் இருக்கட்டும் என்று இதை உங்கள் மருமகளிடம் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன். கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க சொல்றதும் சரிதாம்பா. அத்தை மாமாவ எதுக்கு அலைய வைக்கணும்? லீவு முழுக்க நாங்களே அங்க போயிடறோம். நீங்க உங்க ரூம்ல நிம்மதியா இருங்க" என்றாள். மாப்பிள்ளையும் உடனே சரி என்றுவிட்டார். உங்கள் ஊர்க் குளிர் என் மூச்சுக்கு ஆகாது என்பது போன தடவையே தெரிந்துவிட்டதால், என்னைக் கூப்பிடும் பேச்சே எழவில்லை. விடுமுறை இரண்டு மாதம். எனக்குப் பின்னறை மட்டுமல்ல, முன்னறை, ஹால், சமையலறை எல்லாமே கிடைக்கும். நேற்று மாலை அவர்கள் மூவரும் கடைக்குப் போயிருந்தபோது அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். பேத்தி இல்லாத வீட்டில் அந்த மின்விசிறி இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. வாசல் நடைவரை மூன்று தடவை போய் எட்டிப் பார்த்தேன். என்னால் முடியாது சம்பந்தி.

ஆகையால் மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர மற்ற அனைத்தையும் தள்ளிவிடவும். பேருந்து வாசலிலேயே நிற்கிறது. பேண்டு குழுவினரை வேறு தெருவுக்குப் போகச் சொல்லிவிட்டேன். பின்னறையை ஒழித்து, பெருக்கி, புதுத் தலையணை உறை போட்டாகிவிட்டது. மூன்று வாரம் போதாது, விடுமுறை முழுவதும் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும். எந்த வண்டியில் வருகிறீர்கள் என்று இன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். பேத்தி பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். புதுச் செருப்பு இல்லாமல் கிளம்ப மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். அதில் ஒன்றை நான்தான் அலமாரிக்கு மேலே ஒளித்து வைத்திருக்கிறேன். காலையிலிருந்து வீடே தேடுகிறது, நானும் கூடச் சேர்ந்து தேடிக்கொண்டிருக்கிறேன். அதிக நாள் தாங்காது.