ஜோடி மூட்டை

முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, நடுவில் வெயிலில் வெந்த ஒரு முகம். பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொன்று. நிமிர்த்திவிட்ட ஆமைகள் இரண்டு நடந்து வருவது போல வந்தால், தெரிந்துகொள்ளுங்கள், அதுதான் ஊர்சுற்றும் ஜோடி. எங்கள் தீவில் கொசுவுக்கும் நண்டுக்கும் அடுத்தபடியாக அதிகம் திரிவது இந்த இனம்தான். தலை நரைக்கிற வரைக்கும் இவர்களைப் படகில் ஏற்றி இறக்கியவன் சொல்கிறேன், கேளுங்கள்.

இவர்களை மறந்தும் டூரிஸ்ட் என்று சொல்லிவிடாதீர்கள். "நாங்க டூரிஸ்ட் இல்லண்ணே, பயணிங்க" என்று முகத்தைச் சுளிப்பார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? டூரிஸ்ட் பெட்டியை உருட்டுவான், பயணி முதுகில் சுமப்பான். அவ்வளவுதான். எங்கள் கடலைக் காட்டினால், "பிலிப்பைன்ஸ்ல இதைவிட நீலமா இருந்துச்சு" என்பார்கள். பிலிப்பைன்சில் நின்றபோது பாலியைப் பற்றி இதையே சொல்லியிருப்பார்கள். பாலியில்? அங்கே வயிற்றுப்போக்கு. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இவர்களுடைய சண்டைக்கும் ஒரு வழித்தடம் உண்டு. பாங்காக்கில் வழி தப்பி, வெயிலில் அலைந்து, "நான் அப்பவே சொன்னேன்" என்று தொடங்கும். கடற்கரையில் ஆளுக்கொரு பக்கம் குப்புறப் படுத்து முற்றும். அருவி, குகை என்று ஏதாவது ஒரு அதிசயத்தின் முன் வந்து நின்றதும் சமாதானமாகும். எல்லாம் இயற்கையின் மகிமை என்று நினைக்கிறீர்களா? இல்லை. போட்டோவுக்குச் சிரிக்க வேண்டும்.

ஹாலந்து ஜோடி ஒன்று வந்தது. ரூபன், ஃபென்னா. ஃபென்னா வந்த மறுநாளே எங்கள் பாஷையில் என்னை அண்ணே என்றும், படகுத்துறையில் கணவாய் மீன் சுட்டு விற்கும் என் பெண்டாட்டி அம்பாயை அக்கா என்றும் கூப்பிடக் கற்றுக்கொண்டாள். ரூபன் ‘அண்ணே’வோடு நிறுத்திக்கொண்டு வேறொன்றைக் கற்றுக்கொண்டான். யாருக்குமே தெரியாத கடற்கரை ஒன்று மலைக்கு அந்தப் பக்கம் இருப்பதாகப் போனில் படித்திருந்தான்.

"படகுல கொண்டுபோய் விடறேன், வாங்க" என்றேன்.

"படகுல போனா அது எப்படிண்ணே ரகசியம்?" என்றான்.

இரண்டு பேரும் மூட்டையோடு மலை ஏறி, முள்ளில் கிழிபட்டு, அட்டைக்கு ரத்தம் கொடுத்து இறங்கிப் பார்த்தால், மணல் முழுக்க ஜோடிகள். எல்லோரும் அதே போனில் அதையே படித்தவர்கள். ‘நீ எதற்கு வந்தாய்?’ என்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். அதோடு விட்டானா? "நேத்தே வந்திருந்தா காலியா இருந்திருக்கும். நீதான் தூங்கிட்டே" என்றானாம் அவளிடம்.

முடிந்தது கதை.

மறுநாள் காலையில் துறைக்கு வந்தார்கள். ஃபென்னா என் படகில் அக்கரை போய் வடக்கே மலைப்பக்கம் போகிறாளாம். ரூபன் மத்தியானக் கப்பலில் தெற்கே. இனி அவள் வழி அவளுக்கு, அவன் வழி அவனுக்கு. அவர்கள் பேச்சு எனக்குப் பாதிதான் புரியும். சண்டை முழுசாகப் புரியும்.

பிரிவதற்கு முன்னால் மூட்டையைப் பிரிக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் வந்தது வினை. இந்த இனம் சாமானை ஆள்கணக்கில் கட்டாது, எடைக்கணக்கில் கட்டும். கூடாரத்துத் துணி அவனிடம், குச்சி இவளிடம். அடுப்பு இவளிடம், கேஸ் அவனிடம். கொசுவலை அவனிடம், அதைக் கட்டுகிற கயிறு இவளிடம். இரண்டு முதுகுக்கும் ஒரே குடித்தனம். துறை முழுக்கக் கடை பரப்பிவிட்டார்கள். உள்ளாடை மேல் பூனை ஒன்று ஏறிப் படுத்துக்கொண்டது.

"தண்ணி வடியுது! படகு தரை தட்டப் போகுது, சீக்கிரம்!" என்று கத்தினேன்.

"அண்ணே, கூடாரத் துணியை அவளையே வச்சுக்கச் சொல்லுங்க" என்றான் ரூபன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"எனக்கு வேணாம்னு சொல்லுங்கண்ணே. குச்சியை அவனே எடுத்துக்கட்டும்."

"நடுவுல நான் என்ன தபால்காரனா?" என்றேன்.

அடுப்பில் கணவாயைப் புரட்டியபடி அம்பாய் சிரித்தாள். "நீ சும்மா இருய்யா. போன வாரம் ரெண்டு நாள் நீ என்கிட்ட பேசாதப்ப, பூனைகிட்ட சொல்லித்தானே சோறு கேட்டே?"

ஃபென்னா துணியைத் தூக்கி அவன்மேல் எறிந்தாள். அவன் திருப்பி எறிந்தான். "வச்சுக்கோன்னு சொல்றேன்ல!"

"அப்போ நீ எதுல படுப்பே?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது போலிருக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எப்படியோ சமாளிச்சுக்குவேன்" என்றான்.

"நீயா? ஒரு மழைக்கு விடிய விடிய இருமுவே. அந்த மருந்து எங்க இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

அவன் தன் மூட்டையைப் பார்த்தான். அவள் மூட்டையைப் பார்த்தான். தெரியவில்லை.

படகின் அடி மணலில் உரசுகிற சத்தம் கேட்டது. எனக்குப் பொறுமை போய்விட்டது. "ரெண்டு பேரும் ஏறுங்க! பிரியறதை அக்கரையில வச்சுப் பிரிங்க. அங்க துறை இதைவிடப் பெருசு, பரப்பிப் போட வசதி."

ஏறினார்கள். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவள் சாமானை அடுக்க ஆரம்பித்தாள். குச்சி அவள் மூட்டைக்குள் போனது, துணி அவன் மூட்டைக்குள் போனது. கனம் சமமாக இருக்க வேண்டுமே! அக்கரையில் இறங்கியதும் வடக்கே போகிற பஸ்ஸா, தெற்கே போகிற பஸ்ஸா என்று இருவரும் குரலை உயர்த்திய பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. தனித்தனியாகப் போகிறவர்கள் எதற்காக ஒரு பஸ்ஸுக்குச் சண்டை போடப் போகிறார்கள்?

நீங்கள் சிரிக்கிறீர்கள். முதுகில் மூட்டை இல்லை, பாஸ்போர்ட் இல்லை, நாம் எங்கே இந்த இனம் என்று நினைப்பு. நல்லது. ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டு நகவெட்டியை, உங்கள் ஜோடியிடம் ‘எங்கே இருக்கு’ என்று ஒரு வார்த்தை கேட்காமல், எடுத்துக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம்.