மூன்றாம் மாடிக்குத் தண்ணீர்

என் மனைவி வேண்டாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்துவிட்டு அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார்கள். வழியெல்லாம் சக்கரம் கிறீச்சிட்டது. நெஞ்சு வலியைப் பொறுத்துக்கொண்டவளால் அந்தச் சத்தத்தைப் பொறுக்க முடியவில்லை.

"ஒர்க்‌ஷாப்புல இத்தினி வருசமா இன்னா வேல பாத்த மாமா? அந்தச் சக்கரத்துக்கு ரெண்டு சொட்டு எண்ண வுடக் கூடாதா? போ, போய் வாங்கினு வா."

"நர்ஸம்மா திட்டுவாங்கடி."

"நான் திட்றத வுடவா?"

நியாயம்தான். போனேன். எண்ணெய்க் குப்பியோடு திரும்பியபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்திருந்தார்கள். வெளியே அந்த நாற்காலி நின்றது. சக்கரத்துக்கு எண்ணெய் விட்டேன். அவள் சொன்ன வேலையைப் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை.

என்னை வெளியே அனுப்பியதற்கு அவளிடம் வேறு காரணம் இருந்திருக்கலாம். அவளுடைய காரணங்கள் எனக்கு எப்போதும் தாமதமாகத்தான் விளங்கும். எவ்வளவு தாமதமாக என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

பொத்தேரிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் ஒர்க்‌ஷாப் டெக்னீஷியன். பத்தாவதோடு நின்றவன். மற்றதையெல்லாம் லைப்ரரியில் கழித்துப் போட்ட பத்திரிகைகளிலிருந்து நானாகப் படித்துக்கொண்டேன். வேண்டா அதே வளாகத்தில் பெண்கள் விடுதியில் துப்புரவு வேலை. நான் நிரந்தர ஊழியன். அவள் கான்ட்ராக்ட். வீட்டில் இது அப்படியே தலைகீழ்.

விடுதிக்கு மூன்று மாடி. லிப்ட் கிடையாது. கோடை வந்தால் மூன்றாம் மாடிக் குழாயில் காற்றுதான் வரும். கீழே தொட்டியிலிருந்து பக்கெட்டில் மொண்டு, படியேறிக் கொண்டுபோய்க் குளியலறைகளைக் கழுவ வேண்டும். வேண்டாவின் முட்டி தேய்ந்துவிட்டது. வார்டன் லோகநாயகி கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

"முடியலன்னா சொல்லிடு வேண்டா. ஜூன்ல காலேஜ் திறக்கும்போது வேற ஆளு கேக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்த வேலை போனால் வேறு வேலை தேடும் வயதில்லை அவளுக்கு. வீட்டில் சும்மா உட்காரும் குணமும் இல்லை. அவள் நாள் முழுவதும் வீட்டில் இருந்தால் என் கதி என்ன என்பதையும் நான் யோசிக்காமல் இல்லை.

அந்த 2004ஆம் வருஷம்தான் அறிவிப்பு வந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தில் 'புதுமைத் திட்ட நிதி' என்று ஒன்று உண்டு. புதிதாக ஏதாவது செய்கிறேன் என்று முன்வரும் சொந்த ஆட்களுக்குப் பல்கலைக்கழகமே பணம் கொடுக்கும். அதுவரை பேராசிரியர்களுக்கு மட்டும்தான். அந்த வருஷம் முதல் ஊழியர்களும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள்.

அன்று மாலையே சபதம் எடுத்தேன்.

"வேண்டா, இந்த வருசம் அந்த நிதி எனக்குத்தான். ஒரு மெஷின் செய்யப் போறேன். பக்கெட்ட வச்சா அதுவே படியேறிப் போவும். மோட்டார் வண்டி. பேரு கூட வச்சிட்டேன். 'சடையப்பன் படியேறி.'"

வேண்டா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"நல்லாக்கீது மாமா. செய்யி."

எதிர்ப்பு இல்லை. கேலி இல்லை. ஒரு கணவன் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

பழைய வாஷிங்மெஷின் மோட்டார் ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் மும்மூன்று சக்கரங்களை நட்சத்திரம் மாதிரி பொருத்தினேன். ஞாயிற்றுக்கிழமை காட்டாங்கொளத்தூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடிப் படியில் சோதனை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், மேலே குங்குமம், நடுவில் ஒரு பக்கெட் தண்ணீர். பக்கத்து வீட்டு சாலமோன் பார்க்க வந்தார். அவர் எந்த முயற்சியையும் நேரில் வந்து கெடுப்பார்.

"அண்ணாத்த, இது ஏறுமா?"

"பாரேன்."

ஏறியது. ஒரு படி. இன்னொரு படி. அதற்கும் அடுத்த படியில் முன்சக்கரம் தொட்டபோது கரண்ட் போய்விட்டது. வண்டி ஒரு நொடி யோசித்தது. பிறகு வந்த வழியே இறங்கியது. ஏறியதைவிட வேகமாக. தண்ணீர் முழுவதும் சாலமோன் மேல்.

"ஏர்றதப் பத்தி ஒண்ணும் சொல்றதுக்கில்ல அண்ணாத்த, ஆனா எறங்கறது சூப்பரா கீது" என்றார் சாலமோன், வேட்டியைப் பிழிந்தபடி.

வேண்டா வீட்டுக்குள்ளிருந்து வந்தாள்.

"த்சோ. கரண்டு போச்சா? ஆஸ்டல்லயும் இப்டித்தான் மாமா. வெயில் காலத்துல மத்தியானம் ஆனா போயிடும். தண்ணியும் இல்லாத நேரத்துலதான் கரண்டும் இருக்காது."

அப்போது சாலமோன் வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. கிரிக்கெட் சத்தம் எனக்கும் கேட்டது. அவர்கள் வீட்டில் இன்வெர்ட்டர் வாங்கிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டு ஃபியூஸ் கட்டை வேண்டாவின் இடுப்பில் செருகியிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

மோட்டார் போயிற்று. கையால் சுற்றும் கைப்பிடி வைத்தேன்.

"இது தேவல" என்றாள் வேண்டா. "ஆனா ஒண்ணு மாமா. காலைல பொண்ணுங்க க்ளாசுக்கு ஓடும். ஒரே படிதான். நடுவுல உன் வண்டி நின்னுகினு இருந்தா எந்தப் பொண்ணு மொதல்ல உருளும்?"

"அப்ப இன்னா செய்யறது?"

"எனக்கு இன்னா தெரியும்? நீதான் மெஷினு செய்ற."

யோசித்தேன். படியே வேண்டாம், பின்பக்கச் சுவர் ஓரமாக மேலே போகலாம் என்று எனக்குத் தோன்றியது. எனக்கே தோன்றியது என்பதை அழுத்திச் சொல்கிறேன். அன்றைக்குக் காலை வேண்டா, "பின்பக்கம் ஒரு ஈ காக்கா போறதில்ல" என்று வேறு ஏதோ பேச்சில் சொன்னாள். அது தற்செயல்.

சுவர் ஓரமாகப் போவதற்குச் சக்கரம் எதற்கு? சக்கரம் போயிற்று. பல் சக்கரத்தில் ஓடும் இரும்புச் சங்கிலி வைத்தேன்.

"சங்கிலி கடகடங்காதா மாமா? பரிச்ச நேரம். பொண்ணுங்க வார்டனம்மாகிட்ட போவும். வார்டனம்மா என்கிட்ட வரும்."

சங்கிலியும் போயிற்று. என் மெஷினில் கைப்பிடியும் பக்கெட்டும்தான் மிச்சம். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கிவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து வேண்டா சொன்னாள்: "எங்கண்ணன் ஊட்டுக்குப் போய் ஒரு நாள் இருந்துட்டு வாயேன். மூஞ்சி பாக்க சகிக்கல."

அவள் அண்ணன் ஜெயக்குமார் மாமல்லபுரத்தில் ஒரு கல் பட்டறையில் மேஸ்திரி. திருக்கழுக்குன்றம் பஸ் பிடித்துப் போனேன். போனதும் மோர் கொடுத்தான். வழக்கமாக ஜெயக்குமார் என்னை வீட்டுக்குத்தான் கூட்டிப்போவான். அன்று நேரே பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

அங்கே செதுக்கி முடித்த நந்தி ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே ஓர் இரும்புக் கை. அதில் ராட்டினங்கள். கயிறு. கயிற்றைப் பிடித்திருந்த இரண்டு பேரும் நேற்று பார்த்த படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இழுத்தார்கள். நந்தி சத்தமில்லாமல் மேலே போனது.

"நல்லா பாத்துக்க மச்சான்" என்றான் ஜெயக்குமார்.

"எதுக்குடா?"

"சும்மாதான். அந்தக் கை எப்டித் திரும்புது பாரு. அந்தப் பக்கம் வந்து பாரு. இந்தப் பக்கம் பாத்தியா?"

நந்தி அந்தரத்தில் தொங்கிய அந்த நிமிஷம் எனக்கு ஞானம் பிறந்தது. சாப்பிடக்கூட நிற்காமல் பஸ் ஏறினேன். ஜெயக்குமார் தடுக்கவில்லை. ஒரு பழைய ராட்டினத்தைப் பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தான். "சும்மா எடத்த அடைக்குது, எடுத்துனு போ" என்றான்.

வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினேன்.

"வேண்டா! ஒரு யோசன!"

"இன்னா மாமா?"

"மேல ஒரு இரும்புக் கை. அதுல ராட்டினம். கயிறு. கீழருந்தே இழுக்கலாம்!"

வேண்டா கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவள் கண் அவ்வளவு பெரிதாக விரிந்து நான் பார்த்ததே இல்லை.

"அய்யய்ய! எப்டி மாமா உனக்கு இதெல்லாம் தோணுது?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்று மீன் குழம்பு. அவ்வளவு அவசரத்தில் மீன் எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. குழம்பு ஏற்கெனவே ஆறியிருந்தது.

தேதியைத் தள்ளி வைத்திருப்பதாக மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். தெய்வம் என் பக்கம் என்று நினைத்து விண்ணப்பித்தேன்.

கமிட்டிக்குத் தலைவர் பேராசிரியர் உலகநாதன். நீள மேஜை. எதிரே நான், கையில் ராட்டினம். எனக்கு முன்னால் பேசியவர்கள் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டினார்கள். ஜூனுக்கு அதிக நாள் இல்லை. இது விழுந்தால் அவள் வேலையும் விழும்.

"மோட்டார் ஏன் வைக்கலை, சடையப்பன்?"

"கோடைல மத்தியானம் கரண்ட் போயிடும் சார். தண்ணி இல்லாத நேரத்துலதான் கரண்டும் இருக்காது."

"படி வழியா கொண்டுபோனா?"

"காலைல பொண்ணுங்க ஓடுவாங்க சார். ஒரே படி."

"சங்கிலி போட்டா பலமா இருக்குமே?"

"பரிட்சை நேரம் சார். சத்தம்."

எல்லாக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது. கேள்விக்கு முன்னாலேயே இருந்தது. கமிட்டியில் ஒருவர், "நிறைய யோசிச்சிருக்கார்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். உலகநாதன் மட்டும் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டிருந்தார். ஜலதோஷம் என்று நினைத்தேன்.

அங்கேயே ஒப்புதல் கொடுத்தார்கள். வெளியே வந்தபோது உலகநாதன் கூடவே நடந்து வந்தார்.

"உங்க சம்சாரத்துகிட்ட என் வாழ்த்தைச் சொல்லுங்க."

"சார்?"

"தண்ணிப் பிரச்சினையைப் பார்க்க மார்ச்ல விடுதிக்குப் போயிருந்தேன். மாடியைக் காட்டி, இங்க ஒரு கை, ஒரு ராட்டினம், ரெண்டு பக்கெட்னு சொன்னாங்க. நல்ல யோசனைம்மா, ஆனா கான்ட்ராக்ட் ஆளுங்க நிதி கேக்க முடியாது, நிரந்தர ஊழியர் யாராவது கொண்டு வரணும்னேன். 'வரும் சார்'னாங்க."

நான் கையிலிருந்த ராட்டினத்தைப் பார்த்தேன்.

"அப்புறம் ஒருநாள் வந்து, 'இன்னும் சங்கிலிகிட்டதான் சார் வந்துக்கீறாரு, பத்து நாள் தள்ளி வையுங்க'ன்னாங்க. வேற சில பேரும் கேட்டாங்க. தள்ளி வச்சோம்."

வீட்டுக்குப் போனேன். வேண்டா வாசலில் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்து இரண்டு விஷயமும் தெரிந்துகொண்டாள். நிதி கிடைத்தது. குட்டு உடைந்தது.

"ஏன்டி, என்கிட்ட நேரா சொல்லக் கூடாதா?"

"சொன்னனே. தை மாசம் சொன்னேன். 'கெணத்து ராட்டினத்துக்கு ஒரு டெக்னீஷியன் வேணுமாடி'ன்னு சிரிச்ச."

"அதுக்கு இப்டியா?"

"நேரா கூப்டா வரமாட்ட மாமா. அதான் ஒரு ஒரு படியா கூட்டியாந்தேன்."

உலகநாதன் சொல்லச் சொன்ன வாழ்த்தை அவளிடம் சொன்னேன்.

ஜூனில் விடுதி திறந்தபோது மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் கயிற்றில் போனது. ஒரு பக்கெட் ஏறும்போது இன்னொன்று இறங்கியது. மேலே ஒரு பெண் வாங்கி ஊற்றினாள். வேண்டா கீழே ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. திட்டத்துக்கு நான் தலைவன் என்பதால் வாரம் ஒருமுறை போய்ப் பார்வையிட வேண்டும். போகும்போதெல்லாம் என்னைக் கயிற்றுக்கு மெழுகு தடவச் சொல்வாள். தடவுவேன். அவள் ஆஸ்பத்திரிக்குப் போன 2009 வரை அந்த ஸ்டூல் அவளுடையதாகவே இருந்தது.

அடுத்த வருஷம் விடுதிக்கு லிப்ட் வைத்தார்கள். கயிற்றையும் ராட்டினத்தையும் கழற்றிவிட்டார்கள். இரும்புக் கை சுவரோடு சேர்த்துப் பூசியது, வரவில்லை. மூன்றாம் மாடிப் பெண்கள் அதில் துணி காயப்போடுகிறார்கள்.