இனி மெயின்லேண்ட் அட்டை வேண்டாம், மச்சான்

கராச்சர்மா,
போர்ட் பிளேர்.

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய ஜாபர் மச்சான் அவர்கள் சமூகத்துக்கு,

தங்கள் மைத்துனன் ஜெய்னுலாப்தீன் ஸலாம் கூறி எழுதுவது. இறைவன் கிருபையால் நானும் நசீராவும் இங்கே சுகமாக இருக்கிறோம். "நான் சுகமா இல்லைன்னு எழுதுங்க" என்று நசீரா அடுப்படியிலிருந்து சொல்கிறாள். காரணம் கீழே வரும். என் உடன்பிறந்த லாத்தாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? மதுரையில் நீங்கள் காகிதக் கடையைத் திறக்கும்போது தூசிக்கு மூக்கில் துணி கட்டிக்கொள்கிறீர்களா? அவசியம் கட்டிக்கொள்ள வேண்டும்.

நிற்க. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த கப்பலில் எனக்கு அச்சு அட்டை அனுப்ப வேண்டாம். அதற்கு அடுத்த கப்பலிலும் வேண்டாம். கோபம் எதுவும் இல்லை. இத்தனை வருடமாக நீங்கள் அனுப்பிய அட்டையை விற்றுத்தான் அபர்தீன் பஜாரில் என் கடை நின்றது, என் வீட்டில் உலை கொதித்தது. இதை எந்தச் சபையிலும் சொல்வேன். ஆனால் இனி அட்டையை நானே செய்யப்போகிறேன். செய்தும் விட்டேன். போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், லாத்தா அந்தச் சிரிப்பை ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்கே கேட்க வைப்பார். அதனால்தான் கடிதம். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

எங்கள் தெருக்கோடியில் சிவப்பிரகாசம் என்பவர் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறார். அவருக்கு லாங் ஐலண்ட் படகுக்காரர்களிடமிருந்து ஒரு வேலை வந்தது. லைஃப் ஜாக்கெட்டை எப்படிப் போட்டுக்கொள்வது, எந்த வாரை எதில் மாட்டுவது என்று படம் போட்டு விளக்கும் அட்டைகள். படகில் ஒவ்வொரு இருக்கைக்கு முன்னாலும் கயிற்றில் தொங்க வேண்டும். படகுக்காரர்களின் தலைவர் முத்துவீரன் நேரில் வந்து பேசினார். போன சீசனில் அவருடைய படகு ஓர் அலையில் சாய்ந்தபோது, வாரை மாட்டாமல் விட்டிருந்த ஒரு பெண் தண்ணீரில் விழுந்துவிட்டாள். ஜாக்கெட் ஒரு பக்கம் போக, அவள் ஒரு பக்கம் போயிருக்கிறாள். முத்துவீரன் குதித்துத் தூக்கிவிட்டார், உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த மனிதர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவர் மனைவியே சொல்கிறாராம். "வாயால சொன்னா எவன் பாய் கேக்குறான், எல்லாம் செல்ஃபி எடுத்துட்டு நிக்கிறான். கண்ணு முன்னால தொங்கணும். ப்ளாஸ்டிக் இங்க மனா, கவர்மெண்டு விடாது. அட்டைதான் சாஹியே. நல்ல மொட்டா, தடியாவும் இருக்கணும், வளைச்சா முறியவும் கூடாது, உப்புத்தண்ணி பட்டா ஊறவும் கூடாது" என்றார். இத்தனை குணமும் ஒன்றாக அமைந்த மாப்பிள்ளையையே நான் பார்த்ததில்லை, மச்சான். அட்டைக்கு எங்கே போவது?

உங்கள் அட்டைக்குத்தான் போனோம். நீங்கள் அனுப்பும்போது அது ஒழுங்காகத்தான் இருந்திருக்கும், சத்தியமாக நம்புகிறேன். சென்னைத் துறைமுகத்தில் கிடந்து, கப்பலின் அடித்தட்டில் வெங்காய மூட்டைகளோடு பயணம் செய்து, இங்கே படகுத்துறை ஜெட்டியில் மழையோடு மழையாகக் காத்திருந்து வீடு வந்து சேர்ந்தபோது, ஒவ்வொரு தாளும் ஓரத்தில் அலை அலையாக எழும்பி நின்றது. சிவப்பிரகாசம் அதை மெஷினில் கொடுத்தார். மெஷின் பாதியை விழுங்கிவிட்டு விக்கியது. "பாய், இது அட்டை இல்ல, பொரிக்காத அப்பளம்" என்றார். பிறகு உருளைகளைத் துணியால் துடைத்துக்கொண்டே, "இந்த வேலையும் போச்சுன்னா மெஷினை வித்துட்டு ஹட் பே ஊருக்குப் போயிருவேன் பாய். மச்சினன் தேங்கா உரிக்கக் கூப்பிடுறான்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "கவலைப்படாதீங்க, அட்டையை நான் செஞ்சு தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். யோசித்தது வீட்டுக்கு வந்த பிறகுதான்.

அச்சு அட்டை ஒன்றும் தேவரகசியம் இல்லை. தாள் மேல் தாள் ஒட்டிக் கனமாக அழுத்தி, அதன் மேல் வெள்ளை மண்ணும் பசையும் கலந்த பூச்சைத் தடவினால் முடிந்தது. மண் வழவழப்புக்கு, பசை மண்ணைப் பிடித்துவைக்க. பசைக்கு நசீராவின் மரவள்ளி மாவை எடுத்துக் காய்ச்சினேன். பூச்சு ஒரே கனத்தில் ஏறுவதற்கு ஒரு கம்பியால் இழுக்க வேண்டும். புது ஜன்னல் திரைக்கு வாங்கிய கம்பி அளவாக அமைந்தது. அழுத்துவதற்கு இரண்டு படாக் மரப் பலகைகளுக்கு நடுவே அட்டைகளை வைத்து, மேலே ஒரு ஜமுக்காளத்தை விரித்து, வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் அதன் மேல் உட்கார வைத்தேன். எடை கூடுதலாக உள்ளவர்களுக்கு இரண்டாவது தேநீரும் கொடுத்து உபசரித்தோம். அட்டை அழகாக, விறைப்பாக வந்தது. வளைத்தேன். பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கைலி முழுக்க மாவு. உதிராமல் மிச்சமிருந்ததை எறும்பு தின்றது. எறும்புக்கு எட்டாமல் பரணில் வைத்ததைப் பூஞ்சை பிடித்தது. "இந்தாங்க, உங்க அட்டைக்கு மீசை முளைச்சிருக்கு, வந்து பாருங்க" என்றாள் நசீரா.

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சொர்ணம்மா மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு இந்த விஷயத்தில் நுழைந்தார். இவர் குடும்பம் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து, கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து, சுனாமிக்குப் பிறகு கராச்சர்மாவுக்கு வந்தது. அவர் மெதுவாகப் பேசினாலே ஜெட்டியில் கப்பல் சங்கு தேவையில்லை. "மாவு காஞ்சா வெறைச்சுத்தான் நிக்கும் பாய். ரப்பர் பாலு ஊத்துங்க, சொன்ன பக்கம் வளையும். எங்க வீட்டு ஆளத் தவிர எல்லாத்தையும் நாங்க ரப்பர வச்சு வளைச்சிருக்கோம்" என்றார். மறுவாரமே அவருடைய உறவுக்காரத் தோட்டத்திலிருந்து ஒரு கேன் ரப்பர் பால் வந்து இறங்கியது. பால் உறையாமல் இருக்க அதில் அமோனியா கலந்திருப்பார்கள் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டு மூடியைத் திறந்தேன். மச்சான், எனக்குக் கண் தெரியவில்லை. நசீரா பின்வாசல் வழியாக ஓடினாள். தெருவில் ஒவ்வொரு வீடாக கேஸ் சிலிண்டரை மூடிக்கொண்டு வெளியே வந்தார்கள். யார் போன் செய்தார்களோ, தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து என் வாசலில் நின்றது. "ஆக் கிதர் ஹை?" என்று தீயைத் தேடிக்கொண்டே ஒருவர் குழாயோடு உள்ளே நுழைந்தார். "ஆக் நஹி, அட்டை ஹை" என்றேன். அவர் கண்ணீர் வழிய நின்று என்னையும் கேனையும் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த ஒரு மாதிரி அட்டையை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு, பெண்ணுடைய ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு ஒன்று வேண்டும் என்றார். அதுதான் எங்கள் அட்டைக்கு வந்த முதல் ஆர்டர்.

அடுத்த தொகுதியில் பாலைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டோம். அட்டைகளை அடுக்கிப் பலகைக்கு நடுவே வைத்துவிட்டு வந்து பார்த்தால், எல்லா அட்டையும் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது. கத்தி போட்டோம், சுத்தியல் போட்டோம், பிரியவில்லை. "நீங்கதானே பாய் ஊத்துனீங்க" என்றார் சொர்ணம்மா. "நீங்கதானே ஊத்தச் சொன்னீங்க" என்றேன் நான். "ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டு ஊத்துனதை நான் ஜன்னல் வழியா பாத்தேன்" என்றாள் நசீரா. அந்தக் கட்டி இப்போது எங்கள் வாசலில் படியாகக் கிடக்கிறது. எந்த மழைக்கும் அசையவில்லை, எவ்வளவு மிதித்தாலும் தேயவில்லை. நீடித்து உழைக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதன் பிறகு பாலைக் குறைத்து, மாவையும் மண்ணையும் கூட்டி, ஒட்டாமல் இருக்க மேலே நசீராவின் முகப் பவுடரைத் தூவினேன். சந்தன வாசனையோடு ஓர் அட்டை வந்தது. நான் அதைத் தொடப் பயந்துகொண்டு நின்றேன். பவுடர் டப்பாவைத் தேடி வந்த நசீரா அதைக் கையில் எடுத்து, உடைப்பது என்ற முடிவோடுதான் மடக்கினாள். அட்டை வளைந்தது. விட்டாள், நிமிர்ந்துகொண்டது. மறுபடி மடக்கினாள், மறுபடி நிமிர்ந்தது. ஒரு பொருக்குக்கூட விழவில்லை. என்னைப் பார்த்தாள், அந்த அட்டையாலேயே முகத்துக்கு விசிறிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மச்சான், யாரோ செய்ததை வாங்கி யாருக்கோ விற்றே எனக்குத் தலை நரைத்துவிட்டது. நான் செய்த ஒன்றை என் வீட்டில் ஒருத்தி கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். இதை மட்டும் லாத்தாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அச்சேறாத வெறும் அட்டையில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு நானும் சிவப்பிரகாசமும் அரசு போட்டில் லாங் ஐலண்ட் போனோம். முத்துவீரன் ஜெட்டியிலேயே காத்திருந்தார். அட்டையை வளைத்தார், சுருட்டினார், முழங்காலில் வைத்து அடித்தார். "டீக் ஹை. தண்ணி?" என்றார். "கொடுங்க, நானே முக்கிக் காட்டுறேன்" என்று கையில் வாங்கினேன். தண்ணீர்ப் பக்கம் போவதானால் யாராக இருந்தாலும் ஜாக்கெட் போட வேண்டும் என்பது அவருடைய சட்டம். போட்டுக்கொண்டேன். அச்சகத்தில் அந்தப் படங்களைப் பிழை பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம் என்பதால் எல்லா வாரையும் முறையாக மாட்டினேன். ஜெட்டியின் கடைசிப் படியில் குனிந்தேன். படியில் பாசி இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததைச் சிவப்பிரகாசம் போனில் எடுத்து வைத்திருக்கிறார். உங்களுக்கும் வரும். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கவும்.

பயப்படவில்லை என்று எழுதினால் பொய். உப்புத்தண்ணீர் மூக்கில் ஏறியதும் உலகமே பச்சையாகிவிட்டது, கால் எதையும் தொடவில்லை, கலிமாவில் பாதிதான் நினைவுக்கு வந்தது. பிறகு ஜாக்கெட் என்னைக் கக்கத்தில் பிடித்துத் தூக்குவதுபோல மேலே கொண்டுவந்து நிறுத்தியது. முத்துவீரன் கொக்கிக் கம்பை நீட்டி என்னை இழுத்துப் போட்டார். நான் இருமிக்கொண்டிருக்கும்போதே என் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கி உதறினார், நகத்தால் கீறினார், வளைத்தார். "ஊறல. முறியல" என்றார். அதன் பிறகுதான், "பாய்க்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே என் ஜாக்கெட்டைக் கழற்றக் குனிந்தவர், வார்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "எல்லாத்தையும் சரியா மாட்டியிருக்கீங்க பாய். அன்னைக்கு அந்தப் பொண்ணும் இப்படி மாட்டியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு எழுந்து, "எல்லாப் போட்டுக்கும் இதே அட்டைதான். பக்கா" என்றார். ஈரக் கைலியோடு நான் அவர் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டேன். அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அவர் மனைவி கரண்டியோடு அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே மச்சான், சிவப்பிரகாசம் ஹட் பே போகவில்லை, அவருடைய மெஷின் இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது, சொர்ணம்மா தன்னைக் 'கம்பெனி பார்ட்னர்' என்று தெருவில் சொல்லிக்கொள்கிறார், நானும் மறுக்கவில்லை. மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்கு இனி அட்டை வர வேண்டியதில்லை. வேண்டுமானால் இங்கிருந்து உங்களுக்கு அனுப்புகிறேன். மதுரையில் வளையாத அட்டையை வைத்துக்கொண்டு நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

லாத்தாவின் முழங்காலுக்கும், உங்கள் வியாபாரத்துக்கும், பேரப்பிள்ளைகளின் படிப்புக்கும் ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். அல்லாஹ் உங்கள் எல்லோரையும் மழை படாத சரக்குபோலப் பத்திரமாக வைத்திருப்பானாக.

என்றும் தங்கள் அன்பை மறவாத மைத்துனன்,
ஜெய்னுலாப்தீன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சிவப்பிரகாசம் ஒரு பக்கெட்டோடு வந்தார். அச்சடித்த அட்டையில் ஒன்றைச் சோதனைக்காக நேற்று கடல் தண்ணீரில் ஊறப்போட்டாராம். "அட்டை புத்தம்புதுசா இருக்கு பாய். ஊறல, முறியல. எழுத்தும் படமும் மட்டும் பக்கெட்ல இருக்கு" என்றார். பார்த்தேன். உண்மைதான். என் அட்டை தன் மேல் எதையும் ஒட்டவிடாத அளவுக்கு உறுதியாக அமைந்துவிட்டது. அட்டையில் குறை இல்லை என்பது இதனால் நிரூபணமாகிறது, குறை மையில். ஆகையால் மையையும் நானே காய்ச்சுவது என்று முடிவு செய்துவிட்டேன். சொர்ணம்மா கரி அரைக்கத் தொடங்கிவிட்டார். நசீரா அடுப்படியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, லாத்தாவைப் பார்க்க நாளைக்குக் கப்பலில் புறப்படுகிறாள். அவளே போனில் சொல்வாள், சென்னைக்கு வந்து அழைத்துக்கொள்ளவும். அவள் ஆறுதலாக எத்தனை நாள் வேண்டுமானாலும் இருந்துவிட்டு வரட்டும். சாவியை மட்டும் உடனே ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவைக்கவும்.